பிடியை இழுக்கும் கை

ஒரு போர் விமானி எதிரி நாட்டில் கைதியானார் என்று செய்தி வந்தால், அதற்கு முன்னால் ஒரு காரியம் சரியாக நடந்து முடிந்திருக்கிறது என்று பொருள். அவர் உட்கார்ந்திருந்த இருக்கை அவரை எரிகிற விமானத்திலிருந்து வெளியே தூக்கிப் போட்டிருக்கிறது. பாராசூட் விரிந்திருக்கிறது. மூச்சோடு மண்ணைத் தொட்டிருக்கிறார். செய்தியைக் கேட்கும் ஊர் முழுக்கத் துடித்துப்போகும். விமானப் படையின் பாதுகாப்புக் கருவிப் பிரிவில் வேலை பார்த்த எங்களுக்கோ முதலில் மனசில் விழுவது ஒன்றுதான்: ஆள் உயிரோடு இறங்கிவிட்டார்.

நான் வளர்ந்தது செம்பூர் திலக் நகரில், ஹவுசிங் போர்டு கட்டடத்தில். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து டிராம்பே உரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் தொடங்கியபோது பம்பாய் முழுக்க இருட்டடிப்பு. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். கார் விளக்குகளின் மேல்பாதியில் கறுப்பு பூசியிருந்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ஒரு பக்கம் உரத் தொழிற்சாலை, அதற்கு அப்பால் அணுசக்தி நிலையம். எதிரி விமானம் வந்தால் முதலில் நம்ம பக்கம்தான் வரும் என்று பெரியவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அந்த வயதில் எனக்கு விமானம் என்றால் பயம். அதில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பே வந்ததில்லை.

படிப்பு முடிந்ததும் ஹார்பர் லைனில் ரயிலேறி, காட்டன் கிரீனில் இறங்கி, விமானப் படைத் தேர்வுக்குப் போனேன். நிரந்தர வேலை, பென்ஷன், தங்கைகளுக்குக் கல்யாணம் என்ற கணக்கில் போனவன். பயிற்சி முடிந்து எனக்குக் கிடைத்த தொழில் பாராசூட் மடிப்பது, தலைக்கவசமும் ஆக்சிஜன் மாஸ்க்கும் பார்த்துக்கொள்வது, உயிர்காப்புப் பொதி கட்டுவது. இருக்கையைத் தூக்கியெறியும் வெடிக்குழல்கள் ஆயுதப் பிரிவின் பொறுப்பு. விமானியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிற பொருள்கள் பெரும்பாலும் எங்கள் பொறுப்பு.

பாராசூட் மடிக்கும் அறைக்கு அதற்கென ஒரு ஒழுங்கு உண்டு. நீளமான, வழவழப்பான மேசை. குடையின் உச்சியை ஒரு முனையில் கொக்கியில் மாட்டி, கயிறுகளை மறுமுனையில் இழுத்துக் கட்டி, நைலான் துண்டு ஒவ்வொன்றையும் புரட்டி, வேட்டிக்குக் கொசுவம் வைப்பது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கு நழுவாமல் இருக்க, குண்டு நிரப்பிய சிறு பைகளை மேலே வைப்போம். மடிப்பதற்கு முன் குடையை உயரமான அறையில் தொங்கவிட்டுக் காற்றாட வைத்திருப்போம். நைலானில் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டும். மோதிரம், கடிகாரம் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேசைக்கு வர வேண்டும். நகம் சரியாக வெட்டாதவனை என் மூத்த சார்ஜென்ட் அறைக்குள்ளேயே விடமாட்டார்.

அவரிடம் நான் கற்ற முதல் பாடம் நூலைப் பற்றியது. மடித்த குடையைச் சில இடங்களில் நூலால் கட்டுவோம். அந்த நூல் இன்ன இழுப்பில் அறுந்துவிட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அறுந்தால்தான் குடை வரிசையாக விரியும். புதிதாக வந்த பையன்கள் நல்லெண்ணத்தில் கெட்டியான நூலைத் தேடுவார்கள். கெட்டியான நூல் போட்டால் குடை பைக்குள்ளேயே நின்றுவிடும். எது பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே எனக்குச் சில காலம் பிடித்தது. வேலை முடிந்ததும் கொக்கி, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் எண்ணுவோம். ஒரு கருவி குறைந்தால் அன்றைக்கு மடித்த குடைகள் அத்தனையும் பிரிக்கப்படும். பிறகு பதிவு அட்டையில் மடித்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. எங்காவது விமானம் விழுந்தது என்று தகவல் வந்த உடனே முதலில் பூட்டி வைக்கப்படும் காகிதங்களில் அந்த அட்டையும் ஒன்று. விசாரணை முடியும் வரை மடித்தவனுக்குச் சோறு இறங்காது.

அந்தக் குடைகள் பெரும்பாலும் கான்பூர் பாராசூட் தொழிற்சாலையில் தைக்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், தொடங்கிய தொழிற்சாலை அது. வந்த குடையைப் பிரித்துத் தையலைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாத அந்தத் தையல்காரர்களையும் எங்கள் பிரிவின் ஆட்களாகவே நினைத்துக்கொள்வேன்.

இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிக்-21 விமானத்தின் பிற்கால வகைகளில் இருந்தது கே.எம்-1 என்ற ரஷ்ய இருக்கை. விமானியின் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் பிடி இருக்கும். அதை இழுத்ததும் தோள் வார்கள் அவரை முதுகோடு ஒட்டிப் பின்னால் இழுக்கும், மேலே இருக்கும் கண்ணாடி மூடி பறந்துபோகும், வெடிக்குழல் இருக்கையைத் தண்டவாளத்தில் மேலே தள்ளும், அதற்கடுத்து ராக்கெட் எரிந்து விமானத்தின் வால் இடிக்காத உயரத்துக்குக் கொண்டுபோகும். இருக்கை கரணம் போடாமல் இருக்க ஒரு சின்ன பாராசூட். மிக உயரத்தில் வெளியேறினால், காற்று அடர்த்தியாகும் உயரம் வரும் வரை இருக்கையோடு விழுந்துகொண்டே வருவார். காற்றழுத்தத்தை உணரும் கருவி ஒன்று நேரம் பார்த்து அவரை விடுவிக்கும். இருக்கை கழன்று போகும், பெரிய குடை விரியும். உயிர்காப்புப் பொதி நீண்ட நாடாவில் அவருக்குக் கீழே தொங்கிக்கொண்டு வரும். இழுத்தது மட்டும்தான் அவர் செய்தது. மற்றதெல்லாம் தானாக நடக்க வேண்டும். தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட, மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் இருந்தால் இந்த இருக்கை ஆளைக் காப்பாற்றும். மிக்-29, சுகோய்-30 விமானங்களில் இருக்கும் கே-36 இருக்கைக்கு அந்த வேகமும் தேவையில்லை, நின்றுகொண்டிருக்கும் விமானத்திலிருந்தே வெளியேற்றும்.

கே.எம்-1-க்கு முந்தைய தலைமுறை இருக்கைகளில் இவ்வளவு தயவு இல்லை. 1971 போரில் பறந்த மிக்-21 வகையில், கண்ணாடி மூடி தனியாகப் பறந்துபோகாது. இருக்கையோடு சேர்ந்து விமானியின் முகத்துக்குக் கேடயமாக வரும், பிறகு கழன்றுகொள்ளும். வேகக் காற்றிலிருந்து முகத்தைக் காக்க நல்ல யோசனைதான். ஆனால் தாழப் பறக்கும்போது வெளியேறினால் அதற்கெல்லாம் அவகாசம் போதாது.

எந்த இருக்கையானாலும் முதுகெலும்பு அதற்கு ஒரு விலை கொடுக்கிறது. வெடித்த கணத்தில் உடம்பு தன் எடையைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு கனக்கும். உட்கார்ந்திருந்த விதம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் நடு முதுகின் அடிப்பகுதியில் எலும்பு நசுங்கும். விமானியை இருக்கையில் கட்டும்போது இடுப்பு வாரை நாங்கள் அவ்வளவு இறுக்கி இழுப்பதற்குக் காரணம் இதுதான். இளம் அதிகாரிகள் சிலர் முகம் சுளிப்பார்கள். "சார், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க" என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

இனி இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய உண்மைக்கு வருகிறேன். இருக்கை வேலை செய்யாமல் செத்துப்போன விமானிகள் குறைவு. பிடியை இழுக்கத் தாமதித்துச் செத்தவர்களே அதிகம். எங்கள் படையில் மட்டுமல்ல, உலகில் எந்த விமானப் படையின் விபத்துப் பதிவுகளைப் புரட்டினாலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான். ஏன் தாமதிக்கிறார்கள்? எஞ்சினை மறுபடி ஒருமுறை கிளப்பிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை. கீழே ஊர் இருக்கிறது, அதைத் தாண்டிவிடலாம் என்ற பொறுப்பு. விசாரணையில் என்ன கேட்பார்களோ என்ற எண்ணம். போர்க்காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: கீழே இருப்பது எதிரி நிலம், இறங்கினால் கைதி. அந்த ஒரு வினாடித் தயக்கத்துக்கு நாங்கள் மடிக்கும் எந்தக் குடையும் ஈடுகொடுக்காது. கைதியாவதை ஒரு நாடு அவமானமாக நினைத்தால், அந்த நினைப்பு விமானியின் கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, கைதியாகித் திரும்பியவர்களின் கதையை நான் தேடித் தேடிப் படித்தேன். புதிதாகப் படைக்கு வந்தவர்களிடம் சொன்னேன்.

1965 போரின் கடைசிக் கட்டம், செப்டம்பர் 22. ஹண்டர் விமானத்தில் போன ஃப்ளைட் லெஃப்டினன்ட் கே.சி. கரியப்பா சுட்டு வீழ்த்தப்பட்டார். வெளியேறியதில் முதுகெலும்பில் அடி. பிடித்தவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் திகைப்பு. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தளபதியான ஜெனரல் கரியப்பாவின் மகன். பாகிஸ்தான் அதிபர் அயூப் கானுக்குப் பிரிவினைக்கு முந்தைய படையில் கரியப்பாவைத் தெரியும். மகனை விட்டுவிடச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார். எல்லாக் கைதிகளும் என் பிள்ளைகள்தான், இவனுக்கென்று தனிச்சலுகை வேண்டாம் என்று தகப்பனார் மறுத்துவிட்டார். மற்றவர்களோடு மகன் திரும்பி வந்தது 1966 தொடக்கத்தில். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் தகப்பனாரின் பெருமையைப் பேசுவார்கள். நான் அந்த முதுகெலும்போடு சிறையில் கழிந்த மாதங்களையும் நினைப்பேன்.

1971-ல் கைதான விமானிகளின் கதைகள் எங்கள் தொழிலுக்குப் பாடப் புத்தகம். ஜே.எல். பார்கவா என்ற விமானி மாருத் விமானத்தில் சிந்து பாலைவனத்துக்குள் போய், டிசம்பர் 5 அன்று வீழ்த்தப்பட்டார். உயிர்காப்புப் பொதியிலிருந்து தேவையானதை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். கைக்கடிகாரத்தை பாகிஸ்தான் நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். எதிர்ப்பட்டவர்களிடம் தன்னை மன்சூர் அலி என்ற பாகிஸ்தான் விமானி என்று சொன்னார். கடைசியில் கலிமா சொல்லச் சொன்னபோது சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டார். பொதிக்குள் தண்ணீர் வைத்தோம், ஒளிக்குண்டு வைத்தோம், சிக்னல் கண்ணாடி வைத்தோம். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்ற யோசனை அவரே கொண்டுபோனது. அதை எந்தப் பொதியிலும் வைத்துக் கட்ட முடியாது.

சுகோய்-7 விமானத்தில் போன ஸ்குவாட்ரன் லீடர் டி.எஸ். ஜாஃபாவுக்கும் வெளியேறியதில் முதுகெலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு கைதி முகாமில் கிடந்தார். பிற்பாடு அந்த நாட்களை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

ராவல்பிண்டி முகாமில் பன்னிரண்டு இந்திய விமானிகளை வைத்திருந்தார்கள். அவர்களில் திலீப் பருல்கர் சுகோய்-7 விமானி, டிசம்பர் 10-ல் வீழ்த்தப்பட்டவர். கைதியாகப் பிடிபட்டால் தப்பித்தே தீருவேன் என்று போருக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர் என்று அவரோடு இருந்தவர்கள் சொல்வார்கள். அவரும், எம்.எஸ். கிரேவால், ஹரீஷ் சிங்ஜி இருவரும் சேர்ந்து அறைச் சுவரின் செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார்கள். கைதிகளுக்குக் கிடைத்த சிறு படியிலிருந்து காசு சேர்த்தார்கள். ஊசிக்குக் காந்தமேற்றித் திசைகாட்டி செய்துகொண்டார்கள். 1972 ஆகஸ்ட் 12 இரவு தாண்டி, 13 விடிவதற்குள் சுவருக்கு வெளியே. பஸ் ஏறிப் பெஷாவர். அங்கிருந்து ஜம்ருத், பிறகு லண்டி கோட்டல். ஆப்கானிஸ்தான் எல்லை நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

அங்கேதான் மாட்டினார்கள். பழைய வரைபடத்தில் லண்டி கானா என்று ஒரு ரயில் நிலையம் இருந்தது. எல்லைக்குப் பக்கம் அதுதான். அதற்கு வழி கேட்டார்கள். 1932-லேயே மூடப்பட்ட நிலையம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன ரயிலுக்கு வழி கேட்கும் அந்நியர்கள் யார் என்று உள்ளூர்க்காரருக்குச் சந்தேகம் வந்தது. சூழ்ந்துகொண்ட கூட்டத்திடமிருந்து உயிர் தப்புவதே கேள்வியாக இருந்த நேரத்தில் பருல்கர் செய்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உஸ்மான் ஹமீதைப் போனில் கூப்பிடச் சொன்னார். முகாமில் முன்பு இவர்களைப் பொறுப்பில் வைத்திருந்த பாகிஸ்தான் விமானப் படை அதிகாரி அவர். அப்போது அந்நாட்டு விமானப் படைத் தலைவரின் உதவியாளர். சிறையில் மரியாதையாக நடத்தியவர். உஸ்மான் பேசினார், இவர்கள் போர்க் கைதிகள், கைவைக்கக்கூடாது என்று காப்பாற்றினார். தன் காவலில் இருந்த கைதியே ஆபத்தில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு ஒரு மனிதன் நடந்துகொண்டிருக்கிறான் என்றால், அந்த மனிதனுக்கு நான் வணக்கம் வைப்பேன், எந்த நாட்டுச் சீருடை போட்டிருந்தாலும்.

தப்பியோடிப் பிடிபட்ட போர்க் கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கைதான் எடுக்கலாம், அதிலும் முப்பது நாளுக்கு மேல் தண்டனை கூடாது என்று 1949 ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. தப்பிக்க முயல்வதைக் குற்றமாகப் பார்க்காமல் படைவீரனின் இயல்பாகப் பார்த்த சட்டம் அது. அதே ஒப்பந்தம், கைதி தன் பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி தவிர வேறெதுவும் சொல்லத் தேவையில்லை என்கிறது. ஊரார் வேடிக்கை பார்க்க அவரை நிறுத்தக்கூடாது என்கிறது. 1972 டிசம்பர் 1 அன்று மூவரும் மற்றவர்களோடு வாகா வழியாக வீடு திரும்பினார்கள். பருல்கர் குரூப் கேப்டனாக உயர்ந்து ஓய்வுபெற்று, 2025 ஆகஸ்டில் காலமானார். செய்தி வந்த அன்று எங்கள் பழைய பிரிவு ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் திரும்பவில்லை. 1971-ல் காணாமற்போய், பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாகக் குடும்பங்கள் நம்பிய இந்தியப் படையினர் 54 பேர். அதில் விமானப் படையினர் கணிசமானவர்கள். ஃப்ளைட் லெஃப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே டிசம்பர் 5-ல் சுகோய்-7 விமானத்தோடு போனவர். கல்யாணமாகி அதிக காலம் ஆகாத மனைவி தமயந்தி, பாட்மின்டனில் தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். உயிரோடு பிடிபட்ட இந்திய விமானிகள் என்று பாகிஸ்தான் பத்திரிகை ஒன்றில் வந்த செய்தியில் அவர் பெயரை ஒத்த ஒரு பெயர் இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா வாழ்நாள் முழுக்கத் தேடினார். 2007-ல் உறவினர்கள் குழு ஒன்று பாகிஸ்தான் சிறைகளைப் போய்ப் பார்த்து வந்தது. யாரும் கிடைக்கவில்லை. நான் படைக்கு வருவதற்கு முன்பு நடந்தது இது. ஆனாலும் தாம்பேயின் குடையை மடித்தவர் யாராக இருந்தாலும், அது விரிந்ததா என்ற கேள்வியோடுதான் அவர் காலம் கழிந்திருக்கும். எங்கள் தொழிலில் பதில் வராத பதிவு அட்டையைவிடப் பெரிய வேதனை இல்லை.

1999 மே 27. கார்கில் போர். அன்று நான் பணியில் இருந்தேன், வேறொரு தளத்தில். ஒரே நாளில் இரண்டு இருக்கைகள். ஃப்ளைட் லெஃப்டினன்ட் நச்சிகேதா மிக்-27 விமானத்தில் ராக்கெட் தாக்குதல் நடத்தியபோது எஞ்சின் அணைந்துவிட்டது. மலை உயரத்தில் அதை மறுபடி கிளப்ப முடியவில்லை, வெளியேறினார். அவர் விழுந்த இடத்தைத் தேடி மிக்-21-ல் வட்டமிட்ட ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகூஜாவின் விமானத்தை ஏவுகணை தாக்கியது. அவரும் வெளியேறினார். இரண்டு குடைகளும் விரிந்தன. நச்சிகேதா கைதியானார். அகூஜாவின் உடல் திரும்பி வந்தது; பக்கத்திலிருந்து சுடப்பட்ட குண்டுக் காயங்களோடு. எங்கள் பிரிவில் அன்று யாரும் பேசவில்லை. இரண்டு இருக்கையும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. கீழே காத்திருந்த கைகள் எப்படிப்பட்டவை என்பதில் ஒருவர் வாழ்வும் ஒருவர் சாவும் பிரிந்துபோயின.

நச்சிகேதாவையும் பிடித்த வீரர்கள் முதலில் அடித்தார்கள். ஒரு மேலதிகாரி தடுத்த பிறகே அது நின்றது. பாகிஸ்தான் விமானப் படையின் கைசர் துஃபைல் என்ற அதிகாரி அவரோடு உட்கார்ந்து விமானிக்கு விமானி என்ற முறையில் பேசினார். பின்னாளில் அதைப் பற்றி மரியாதையோடு எழுதவும் செய்தார். ஒரு வாரத்தில் நச்சிகேதா செஞ்சிலுவைச் சங்கம் மூலம் ஒப்படைக்கப்பட்டார். முதுகில் ஏற்பட்ட காயத்தால் மறுபடி போர் விமானத்தில் உட்கார முடியவில்லை. ஆனால் பறப்பதை விடவில்லை. போக்குவரத்து விமானப் பிரிவுக்கு மாறி, வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் பெரிய இல்யூஷின்-78 விமானத்தை ஓட்டினார். இந்தப் பகுதியைச் சொல்லாமல் அவர் கதையை முடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

2019-ல் நான் ஓய்வுபெற்றுத் திலக் நகருக்கே வந்துவிட்டேன். பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்களில் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. பிப்ரவரி 27 பிற்பகல் டிவியில் அந்த முகம் வந்தது. கண் கட்டப்பட்டு, ரத்தம் வழிய, பாகிஸ்தானில் விமானம் வீழ்த்தப்பட்டுக் கைதான விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான். கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நம்ம ஊர்ப் பையன் என்று தெரிந்ததும் மாடிக்கு மாடி கதவு திறந்தே கிடந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துத் திருப்பனமூர் பூர்வீகம், தகப்பனார் ஏர் மார்ஷல் சிம்மக்குட்டி வர்த்தமான், அவரும் விமானி. பாகிஸ்தானில் கைதியாகும் இந்திய விமானியைப் பற்றி மணிரத்னம் எடுத்த 'காற்று வெளியிடை' படத்துக்கு 2017-ல் ஆலோசனை சொன்னவர் அவர். இரண்டே ஆண்டில் சொந்த மகன். எதிர்வீட்டு அம்மா செடா நகர் முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். பெயர் தெரியும், நட்சத்திரம் தெரியாது. சுவாமி பெயருக்கே செய்தேன் என்றார்.

நான் டிவியில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கிறாரா, நடக்கிறாரா, முதுகை எப்படி வைத்திருக்கிறார்? கையில் டீக் கோப்பையோடு நிமிர்ந்து நின்று பேசிய காட்சி வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கேட்ட கேள்விகளுக்கு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். சொல்லக்கூடாததைச் சொல்ல மாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். கிராமத்தில் இறங்கி, இது எந்த நாடு என்று தெரிந்ததும், துரத்திய கூட்டத்தை விலக்க வானத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டே ஓடி, குட்டையில் குதித்து, கையிலிருந்த காகிதங்களில் சிலவற்றை விழுங்கியும் மற்றதை நனைத்தும் அழித்திருக்கிறார். இருக்கை உதைத்த உதையில் முதுகு வலிக்க, அடுத்த சில நிமிடங்களில் ஒரு மனிதர் செய்த காரியங்கள் இவை. மார்ச் 1 இரவு அவர் வாகா எல்லையைத் தாண்டி நடந்து வந்தபோது எங்கள் கட்டடத்தில் பட்டாசு வெடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, கீழ் வீட்டுப் பையன் படியில் என்னை நிறுத்தினான். கல்லூரியில் படிக்கிறவன், விமானப் படைக்குப் போக ஆசை.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. பிளேனை விட்டுட்டுக் குதிச்சு அவங்க கையில மாட்டுனது ஒரு விதத்துல தோல்விதானே? காலேஜ்ல சில பேர் அப்படித்தான் பேசுறாங்க."

"உக்காரு தம்பி" என்றேன். படியிலேயே உட்கார்ந்தோம். விமானம் இன்னொன்று வாங்கலாம், விமானியை உருவாக்கப் பல வருஷம் ஆகும் என்ற கணக்கை முதலில் சொன்னேன். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. பிறகு தாமதித்தவர்களைப் பற்றிச் சொன்னேன். பிடியில் கை வைத்தபடியே மண்ணில் மோதியவர்களைப் பற்றி. "நீ நாளைக்கு அந்த இருக்கையில உக்காந்திருக்கும்போது, இந்த 'தோல்வி'ங்கற வார்த்தை ஒரு வினாடி உன் மனசுல வந்தா போதும், உன்னை யாராலயும் காப்பாத்த முடியாது. காலேஜ்ல அப்படிப் பேசுறவங்க யாரும் அந்த வினாடியில உன்கூட இருக்க மாட்டாங்க. குடையை மடிச்சவன் மட்டும்தான் உன்கூட இருப்பான்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இருக்கை எப்படி வேலை செய்யும் என்று கேட்டான். எனக்குப் பிடித்த கேள்வி. இருட்டும் வரை சொன்னேன்.

அந்த ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி அபிநந்தனுக்கு வீர் சக்ரா விருது அறிவித்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அதற்கடுத்து நடந்தது. வெளியேறிய விமானி மறுபடி பறப்பதற்குப் பல கட்டச் சோதனைகள் உண்டு. முதுகெலும்பின் ஸ்கேன், உடல் தேர்வு, மனநிலைத் தேர்வு. பெங்களூரில் 1957 முதல் இருக்கும் விமானப் படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் தகுதி உண்டு என்று சொல்ல வேண்டும். செப்டம்பர் 2 அன்று பதான்கோட்டில், இரட்டை இருக்கை மிக்-21 பயிற்சி விமானத்தில் அபிநந்தன் மறுபடி ஏறினார். உடன் பறந்தவர் விமானப் படைத் தலைவர் தனோவா. அவரும் 1988-ல் விமானத்திலிருந்து வெளியேறி உயிர் பிழைத்தவர். மறுபடி பறக்கத் தனக்கு ஒன்பது மாதம் ஆயிற்று, இவர் ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டார் என்று தனோவா அன்று வெளிப்படையாகச் சொன்னார். படையின் தலைவரே நானும் பிடியை இழுத்தவன்தான் என்று காமிரா முன்னால் சொன்ன அந்தப் பேச்சைக் கீழ் வீட்டுப் பையனுக்குப் போனில் அனுப்பினேன். அவன் அப்போது தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். கண் பரிசோதனைக்கு எந்த டாக்டரிடம் போகலாம் மாமா என்று கேட்டு பதில் அனுப்பினான்.